மரக்காணத்தில் ஒரு முள்கம்பி வேலி

என் மகள் சுமதியைக் கடலோரத்திலிருந்து வீட்டுக்கு அழைத்து வரத்தான் மரக்காணம் போனேன். ஊர் பார்க்கும் ஆசையெல்லாம் இல்லை. சுனாமி வந்து ஓராண்டு முடிந்திருந்தது. அந்த ஓராண்டும் தொலைக்காட்சியில் கடலைக் காட்டினாலே எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறவன் நான். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் தற்காலிக விரிவுரையாளராக இருக்கும் என் மகளோ, மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கடலின் ஓரத்திலேயே சவுக்குக் கன்று நட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஒரு மீனவர் குப்பத்தில் குடியிருந்தாள். தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரமாட்டாள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டேன்.

நாங்கள் கோயமுத்தூர்க்காரர்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் சிறுவாணி. குழாயில் வரும், திருகினால் நின்றுவிடும். திருகி நிறுத்த முடியாத தண்ணீரை நான் நம்புவதில்லை.

நூற்பாலையில் ஸ்டோர் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலை போன பிறகும் எண்ணும் பழக்கம் போகவில்லை. திண்டிவனத்தில் ஏறிய பஸ்ஸில் முதலில் அவசர வழி ஜன்னலைத்தான் தேடினேன். ஒன்று இருந்தது. அதன் மேல் சாய்த்து மூன்று மூட்டை அடுக்கியிருந்தார்கள். நடத்துனரிடம் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா பெருசு, வண்டி கெளம்பவே இல்ல, அதுக்குள்ள குதிக்கப் பாக்கறியா?"

பெருமுக்கல் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. எதிரே வந்த உப்பு லாரியின் டயர் வெடித்துச் சாலை முழுவதும் உப்பு கொட்டிக் கிடந்தது. லாரிக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, எங்கிருந்தோ வந்த ஆட்டு மந்தை ஒன்று ஆனந்தமாக உப்பை நக்கத் தொடங்கியது. எண்ணினேன், நாற்பதுக்கு மேல் போயிற்று. "ஏம்பா, ஆட்டை ஓட்டுங்கப்பா. எல்லாத்துக்கும் பிபி வந்துடப் போவுது" என்றார் நடத்துனர். பஸ்ஸே சிரித்தது. எனக்கு உண்மையாகவே இரத்த அழுத்தம் உண்டு. நான் சிரிக்கவில்லை.

மரக்காணத்தை நெருங்கியதும் சாலையின் பக்கத்தில் உப்பளங்கள் விரிந்தன. பாத்தி பாத்தியாகத் தேங்கிய நீரில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. சில பாத்திகளில் நீரை வடித்துவிட்டு, ஆட்கள் வரிசையாக நின்று களிமண்ணைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். புது உப்பு எடுக்குமுன் தரையை இப்படி இறுக்க வேண்டுமாம். மிதித்து முடித்த பாத்தி சிமெண்டு போட்ட தரை மாதிரி இருந்தது. அழகுதான். ஆனால் எங்கே பார்த்தாலும் மட்டமான நிலம். ஒரு மேடு இல்லை, ஒரு பாறை இல்லை. தண்ணீர் வந்தால் எங்கே ஏறி நிற்பது என்றே என் கண் தேடிக்கொண்டிருந்தது.

கடைத்தெருவில் டீக்கடை வைத்திருக்கும் இஸ்மாயில் பாய் அறை வாடகைக்கு விடுவார் என்று சுமதி சொல்லியிருந்தாள். நான் கேட்ட முதல் கேள்வி, மாடி இருக்கிறதா என்பது.

"இருக்குதுங்க. எத்தினி மாடி வேணும்?"

"உயரமா இருந்தா நல்லதுங்க."

"ஒண்ணுதான் கட்டியிருக்கோம். ரெண்டாவது கட்டலாம், பணம் அனுப்பறேன்னு தம்பி துபாய்ல இருந்து சொல்லிக்கினே இருக்கான். அது வர்றதுக்குள்ள இன்னொரு சுனாமி வந்துடும் இன்ஷா... சேச்சே, அதுக்கெல்லாம் அந்த வார்த்தைய சொல்லக் கூடாது. நீங்க டீ சாப்புடுங்க."

டீயில் லேசாக உப்புக் கரித்தது. தண்ணீரே அப்படித்தான் என்றார். அதைக் குடித்துக்கொண்டு எத்தனை பேர் இங்கே எத்தனை காலமாக நன்றாக இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்துத்தான் மிச்சத்தையும் குடித்தேன்.

மறுநாள் காலை சுமதி வந்து குப்பத்துக்கு அழைத்துப் போனாள். வெயிலில் கறுத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தாள். ஷேர் ஆட்டோவில் பதின்மூன்று பேர். என் மடியில் யாருடைய மீன்கூடையோ இருந்தது.

இடத்தின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கே கடல், மணல், படகுகள். மணலை ஒட்டிச் சவுக்குக் கன்றுகள். அதற்குப் பின்னால் குப்பத்து வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் சில படகுகள் கட்டிக் கிடக்கும் ஓடை, ஓடையைத் தாண்டினால் உப்பளம், அப்புறம்தான் சாலை. அலை வந்தால் வேகத்தை உடைப்பதற்காகக் கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவில் சவுக்குத் தோப்பு. அது வளர்ந்து நிற்க வருடக்கணக்காகும். இப்போது என் முழங்கால் உயரம்தான்.

"வரிசைக்கு எத்தனை?" என்றேன்.

"இருநூறுங்கப்பா. எட்டு வரிசை. நூத்துக்குத் தொண்ணூறு பொழச்சிருக்கு" என்றாள். அவளுடைய ஒட்டிய கன்னத்திலும் ஒரு சிரிப்பு வந்தது.

அதைச் சுற்றி முள்கம்பி வேலி. ஐந்து இழை, இழுத்துக் கட்டியது, கல் கால்கள். ஆடு உள்ளே வந்தால் ஒரு காலையில் எல்லாம் போய்விடுமாம். ஊர்க்காரர்கள் கடலுக்குப் போய் வருவது வேலியின் தென்கோடியைச் சுற்றித்தான். அங்கே பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகை, அதன் கீழே ஒரே ஒரு கேட். இரண்டு வைத்தால் ஒன்றை யாராவது திறந்தே விட்டுவிடுவார்கள் என்றாள். ஸ்டோரில் நானும் அப்படித்தான். ஒரு கதவு, ஒரு சாவி. நல்ல ஏற்பாடு என்று என் வாயால் பாராட்டினேன்.

பாராட்டிவிட்டு, "சரி கண்ணு, ஊருக்கு எப்பக் கெளம்பறே?" என்று கேட்டேன்.

"கோடை தாண்டட்டுமுங்கப்பா. வேர் புடிச்சிரும்."

"அதுக்குள்ள கடல் வந்துருச்சுன்னா?"

"வந்தா நான் மட்டுமா இருக்கறேன்? இத்தனை பேர் இருக்காங்கல்ல?"

இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை. போன தடவையும் இத்தனை பேர் இருந்தார்கள்.

அன்று மாலை குப்பத்து ஏலக் கொட்டகையில் நாடகம். நடத்தியது அதே பல்கலைக்கழகத்தின் சமூகப்பணித் துறை மாணவர்கள். அவர்களுடைய ஆசிரியர் தாமஸ் என்பவர் கூட வந்திருந்தார். நீலச் சேலையைப் பிடித்துக்கொண்டு நான்கு பேர் அலையாக வந்தார்கள். அதற்கு முன் சேலை பின்னால் சுருண்டது. அப்போது எல்லோரும் பாட வேண்டும்: "கடல் உள்ள போச்சு, மேட்டுப் பக்கம் ஓடு!" குழந்தைகளுக்கு அது ஒரே கொண்டாட்டம். நாடகம் முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் பாடிக்கொண்டே போனார்கள். நானும் மனதுக்குள் பாடிப் பார்த்தேன். சுமதி நாடகத்துக்கு வரவில்லை, கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தாமஸிடம் அவளைத் தெரியுமா என்று கேட்டேன். "பேர் கேள்விப்பட்டிருக்கேன் சார். அவங்க பில்டிங் வேற, எங்க பில்டிங் வேற" என்றார்.

அடுத்த நாள் மதியம் சுமதி குடியிருந்த வீட்டுக்காரி அஞ்சலை சாப்பிடக் கூப்பிட்டாள். மீன் விற்கிற பெண். நெத்திலிக் குழம்பும் சோறும். நான் ஒவ்வொரு மீனிலும் முள் தேடுவதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா பெருசு, நெத்திலிக்கு முள் எடுக்கற? அப்படியே மென்னு. உன் பொண்ணு எப்படித் துன்னுது பாரு."

கட்டிலில் அவள் மாமியார் படுத்திருந்தார். சுனாமியில் இடுப்பு முறிந்தவர். ஊன்றுகோல் வைத்துத்தான் நடப்பார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "கோயமுத்தூர்ல கடல் இல்லையாமே? பாவம்" என்றார்.

அதற்கு மறுநாள் காலையில்தான் அது நடந்தது.

படகுகள் கரைக்கு வந்துகொண்டிருந்தன. சுமதிக்கு அஞ்சலை கொடுத்தனுப்பிய இட்லியை எடுத்துக்கொண்டு நான் தென்கோடிக் கேட்டைத் தாண்டி மணலில் நடந்தேன். அவள் நடு வரிசையில் நிற்கிறாள் என்றார்கள். மணல் பக்கமாகப் போனால் வேலி வழியாகக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். மணலில் மீன் வாங்கும் பெண்கள் கூடைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். கடலைப் பார்க்காமல் வேலிக் கால்களை எண்ணிக்கொண்டே போனேன். சுமதி என்னைப் பார்த்து, மண்வெட்டியைப் போட்டுவிட்டு வேலியருகே வந்தாள்.

அப்போதுதான் ஓடைப் பக்கமிருந்து அந்தப் பாட்டு கேட்டது. குழந்தைகள்தான். நாடகத்தில் போல் சேர்ந்து இல்லை, கிழிந்து கிழிந்து வந்தது.

"கடல் உள்ள போச்சு! மேட்டுப் பக்கம் ஓடு!"

விளையாட்டு என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு ஒரு பெண்ணின் அலறல். "ஓடையில தண்ணி இல்ல! போட்டெல்லாம் சேத்துல குந்திக்கினு இருக்குது!" மணலில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் ஒன்றாக எழுந்தார்கள். கூடைகள் உருண்டன. திரும்பிக் கடலைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்தவர்கள் என்ன பார்த்தார்களோ, ஓடி வந்தார்கள். ஓடி வந்து எல்லோரும் வேலியில் முட்டினார்கள்.

கேட் தென்கோடியில் இருந்தது. அங்கே போய் வர நேரம் இருக்கிறது என்று யாரும் நம்பவில்லை. எனக்கு முன்னால் ஐந்து இழைக் கம்பி. அதற்கு அந்தப் பக்கம் என் மகள். "அப்பா, கேட்டுக்குப் போங்க! கேட்டுக்கு!" என்று கத்தினாள். கத்திக்கொண்டே வெறும் கையால் கம்பியைப் பிடித்து விலக்கப் பார்த்தாள். நன்றாக இழுத்துக் கட்டியிருந்தார்கள்; விலகவில்லை. அவள் உள்ளங்கையிலிருந்து இரத்தம் கம்பியில் வழிந்தது. "நீ ஓடு கண்ணு. நீ ஓடு" என்று நான் சொன்னேன். அவள் ஓடவில்லை. வாழ்நாளில் நான் எத்தனையோ விஷயங்களுக்குப் பயந்திருக்கிறேன். அந்தப் பயம் வேறு. அது என் காதுக்குள் இரைந்தது.

படகிலிருந்து இறங்கிய இளைஞர்கள் வலைக் குவியலைத் தூக்கி வந்து கம்பி மேல் போட்டார்கள். அதன் மேல் பெண்கள் ஏறி விழுந்தார்கள். மீன் எடுக்க வந்திருந்த அஞ்சலை என் இடுப்பைப் பிடித்து, "ஏறு பெருசு, ஏறுய்யா!" என்று தள்ள, மேலிருந்து ஒருவன் இழுக்க, நான் மூட்டை போல அந்தப் பக்கம் விழுந்தேன். வேட்டியில் பாதி வேலியிலேயே நின்றுவிட்டது. சுமதி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கன்றுகளை மிதித்துக்கொண்டு ஓடி, வீட்டுப் பக்க வேலியிலும் வலையைப் போட்டு ஏறிக் குதித்தோம். குப்பம், ஓடைப் பாலம், உப்பளம். வரப்பில் போக யாருக்கும் பொறுமை இல்லை. மிதித்து இறுக்கி வைத்த பாத்திகளுக்குள் இறங்கி ஊரே ஓடிற்று.

சாலையை அடைந்து திரும்பிப் பார்த்தோம். அலை இல்லை. காலை வெயிலில் கடல் தன் இடத்திலேயே இருந்தது.

சைக்கிளில் வந்த ஒருவர் விஷயத்தைச் சொன்னார். மழைக்கு ஓடை நிரம்பியிருந்தது. ஓடை கடலில் சேரும் இடத்தை மணல் மூடிக் கிடந்தது. விடியற்காலையில் பக்கத்துக் குப்பத்தார் அந்த மணலை வெட்டிவிட்டிருக்கிறார்கள். ஓடைத் தண்ணீர் கடலுக்குள் பாய்ந்துவிட்டது. வருடா வருடம் செய்வதுதான். இந்தக் குப்பத்துக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் வற்றியதைப் பார்த்த குழந்தைகள், நாடகத்தில் சொல்லிக் கொடுத்ததை ஒரு குறையும் இல்லாமல் செய்திருந்தார்கள்.

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். உப்பளத்துக் கங்காணி தன் பாத்திகளில் பதிந்த கால் தடங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மிதிக்க ஆள் கெடைக்கலன்னு நேத்துதான் பொலம்பினேன். ஊரே வந்து மிதிச்சிக் குடுத்துட்டுப் போயிடுச்சு. ஒருத்தனுக்காவது ஒழுங்கா மிதிக்கத் தெரியுதா?" சுமதி சிரிக்கவில்லை. இரத்தம் வழியும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இஸ்மாயில் பாய் கொடுத்தனுப்பிய லுங்கியைக் கட்டிக்கொண்டு, நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் ஏலக் கொட்டகையில் ஊர்க்கூட்டம். பத்தொன்பது பேருக்குக் கம்பிக் காயம். அஞ்சலையின் முழங்கையில் துணி சுற்றியிருந்தது. ஒரு பக்கம் சுமதி, ஒரு பக்கம் தாமஸ். நாட்டாமைக்காரர் கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"செடியும் உங்க காலேஜுது. நாடகமும் உங்க காலேஜுது. ஓடுன்னு சொன்னதும் நீங்க, ஓடற வழிய அடைச்சதும் நீங்க. உங்களுக்குள்ள பேசிக்கவே மாட்டீங்களா?"

தாமஸ் சுமதியைப் பார்த்தார். சுமதி தாமஸைப் பார்த்தாள். பில்டிங் வேறு என்று இங்கே சொல்ல முடியுமா?

பின்னாலிருந்து ஒருவர், வேலியையும் செடியையும் சேர்த்துப் பிடுங்கு என்று கத்தினார். அஞ்சலை எழுந்தாள். "செடிய எதுக்குப் பிடுங்கணும்? போன தபா அங்க நாலு மரம் நின்னிருந்தா..." அவள் முடிக்கவில்லை. "செடி வேணும். ஓடறதுக்கு வழியும் வேணும். அவ்ளோதான் நான் சொல்றது" என்று உட்கார்ந்துவிட்டாள்.

சுமதி வெளியே போய்த் துறைத் தலைவருக்கு போன் செய்தாள். அவள் பேசியது மட்டும் எனக்குக் கேட்டது. "தெரியுங்க சார். ஆய்வுக் குழு வர்றது தெரியுங்க... வேலி இல்லாம ஆடு மேஞ்சுதுன்னா திட்டமே போயிரும், அதுவும் தெரியுங்க... என் நீட்டிப்பு உங்க கையிலதான் இருக்குது, அதுவும் தெரியுங்க சார்." வைத்துவிட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அவள் வேலை போய்விடும் என்று கேட்டபோது நான் பதறினேன். பதறிக்கொண்டே, வேலை போனால் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றும் கணக்குப் போட்டேன். ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் அவள் அன்று கேட்டிருப்பாள். அவ்வளவு தளர்ந்திருந்தாள். அவள் என் பக்கம் திரும்பி, "அப்பா, வேலிய வெட்டட்டுமுங்களா?" என்று கேட்டாள்.

அந்தக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றவன் நான். வேறு என்ன சொல்ல முடியும்? "வெட்டு கண்ணு" என்றேன்.

மறுநாள் காலை இரண்டு துறை மாணவர்களும் ஒன்றாக வந்தார்கள். படகுகள் நிற்கும் இடத்துக்கு நேராக, இரண்டு பக்க வேலியிலும் எதிரெதிராக ஒரு வழி வெட்டுவது என்று முடிவு. கட்டிங் பிளேயரால் முதல் இழையைச் சுமதியே வெட்டினாள். கம்பி சுருண்டு விலகிற்று. அந்த வழியில் இருந்த கன்றுகளைப் பெயர்த்து வாளியில் வைத்தார்கள். அவர்கள் நிமிர்வதற்குள் இரண்டு ஆடுகள் உள்ளே நுழைந்து வடக்கு வரிசையில் மேய்ந்துகொண்டிருந்தன. மாணவிகள் துரத்த, அவை இன்னும் உள்ளே ஓட, "உங்க ஆட்டை நீங்களே கட்டிக்கணும், இனிமே கட்டாத ஆடு ஏலத்துக்கு" என்று நாட்டாமைக்காரர் மணலில் நின்றே தீர்ப்புச் சொன்னார். அந்த ஆடுகள் அவருடையவையே என்று அஞ்சலை என் காதில் சொன்னாள்.

ஒரு வழி போதுமா என்று தாமஸ் கேட்டார். ஓடிப் பார்த்தால்தானே தெரியும். எல்லோரும் தண்ணீர் ஓரத்தில் நிற்க வேண்டும், விசில் ஊதியதும் வேலியைக் கடந்து வீடுகள் வரை வர வேண்டும். கடைசி ஆள் எவ்வளவு நேரத்தில் வருகிறார் என்பதுதான் கணக்கு.

"அப்பா, நீங்களும் வேணுமுங்க" என்றாள் சுமதி. "இங்க இருக்கறவங்கள்ல மெதுவா நடக்கறவர் நீங்கதான்."

தண்ணீர் ஓரத்துக்கு நான் அதுவரை போனதில்லை. போனேன். விசில் கேட்டதும் என் கால்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. மற்றவர்களெல்லாம் சிரித்துக்கொண்டு ஓட, நான் மட்டும் உண்மையாகவே ஓடினேன். நுரை தள்ள வீடுகளுக்குப் பக்கத்தில் போய் விழுந்தேன். "பரவாயில்லையே சார், ஒரு வழியே போதும் போலிருக்கே" என்றார் தாமஸ், கடிகாரத்தைப் பார்த்து.

அஞ்சலைதான் தடுத்தாள். "அது எப்படிப் போதும்? இவரு பயத்துல பறந்துகினு வந்துட்டாரு. எங்க மாமியாரு சாயந்தரம் மணல்ல வந்து குந்தும். அது இப்படியா வரும்? அதுக்கு முன்ன மாதிரி காலு இல்லய்யா. பெருசு, நீ அது மாதிரி நட. மெதுவா நட. அப்பதான் கணக்கு சரியா வரும்."

தாமஸ் தலையாட்டினார். சுமதி என்னைப் பார்த்தாள். எந்தக் கடலிலிருந்து அவளைக் கூட்டிப் போக வந்தேனோ, அதே கடலுக்கு அவள் என்னைத் திருப்பி அனுப்பினாள். "இன்னொருக்காப் போங்கப்பா" என்றாள். கட்டுப் போட்ட கையால் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

போனேன். ஈர மணலில் நின்றேன். நுரை வந்து குதிகாலைத் தொட்டது. அஞ்சலை இல்லாத ஊன்றுகோலைக் காற்றில் ஊன்றிக் காட்டி, எப்படி நடக்க வேண்டும் என்று எனக்கு நடித்துக் காட்டினாள். விசில் கேட்டது. எல்லோரும் ஓடினார்கள். ஒவ்வோர் அலையும் பின்னால் உடைந்து விழும் சத்தம் முதுகில் கேட்டது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடுப்பு முறிந்த ஒருத்தி எவ்வளவு மெதுவாக வருவாளோ அவ்வளவு மெதுவாக, ஓடாமல் நடந்தேன்.